பறவையான சாடி

குடத்துக்குக் கழுத்துண்டு, வயிறுண்டு, வாயுண்டு. நீர் வார்க்குங் குழலை நாம் மூக்கு என்போம். மூக்குப்பேணியை அறியாதார் நம்முள் யார்? பிரெஞ்சுக்காரரோ பறவையின் அலகைக் குறிக்குஞ் சொல்லையே அதற்கும் வழங்குவர். ஆகவே சாடியொன்று பறவையாவதற்கு நெடுந்தூரம் போகவேண்டியதில்லை.

ஏஜியன் கடலிலுள்ள தீரா என்னுந் தீவின் பண்டைக் குயவர் இதனை நன்கறிந்திருந்தனர். ஏறக்குறையக் கி. மு. 1600 அளவில் எரிமலைச் சாம்பலிற் புதைந்த அக்ரோத்திரி நகரை, 1967இல் மரினாத்தோஸ் என்ற கிரேக்க அறிஞர் அகழத் தொடங்கினார். அங்கு கிடைத்த சாடிகள் சில அண்ணாந்து நிற்கும் அலகுடையவை. அலகினருகே கண்ணுந் தீட்டப்பட்டிருக்கிறது.

தற்காலத்தில் இவ்வடிவத்துக்குப் பெரும்புகழ் தேடித் தந்தவர் ஓவியர் பிக்காசோ. தென்பிரான்சிலுள்ள வல்லோரிஸ், சமையற் பாண்டங்களுக்குப் பேர்போன ஊர். உலோகப் பாத்திரங்கள் மலிந்ததனால் அதன் தொழில் நலிந்திருந்தது. 1946இல் அங்கு நடந்த மட்பாண்டக் கண்காட்சியைக் காணச் சென்ற பிக்காசோ, ராமியே தம்பதிகளின் 'மதூரா' பட்டறையிற் களிமண்ணைத் தொட்டார். (பெயரைக் கேட்டதும் நமக்கு வடமதுரை நினைவுக்கு வரலாம், அஃது அவ்வீட்டு அம்மையாரின் பெயரெழுத்துக்களைக் கோத்துப் புனைந்ததேயாம்.) மறு ஆண்டு திரும்பி வந்தவர், அவ்வேலையிலேயே ஆழ்ந்துவிட்டார்.

அவர் சக்கரத்தில் வனையவில்லை. வனைந்தவர் ஜூல் அகார்ட் என்ற குயவர். அவர் இறக்கிவைத்த சாடி சற்றே இறுகியதும், பிக்காசோ அதன் கழுத்தை வளைப்பார், வயிற்றை அமுக்குவார், சாடி புறாவாகிவிடும். ஈரம் மிஞ்சினால் மண் சரியும், உலர்ந்துவிட்டால் வெடிக்கும். இடைப்பட்ட அச்சிறுபொழுதே கலைஞனுக்குரியது. அன்ரீப் நகரிற் காயமுற்ற ஆந்தையொன்றை அவர் வளர்த்ததுண்டு. அதன் வட்டக் கண்களைப் பல சாடிகளிற் காணலாம்.

1947 முதல் 1971 வரை 633 வடிவங்களை அப்பட்டறை படியெடுத்து விற்றது. இன்று அவை ஏலத்திற் பெருவிலை பெறுகின்றன. பிக்காசோவின் மேதையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் மெல்லிய சுவரும் ஒத்த கனமும் உடையதாய் அகார்ட் வனைந்து கொடுத்திராவிடின், வளைப்பதற்குக் கழுத்தேது? வனைந்த கையையும் வளைத்த கையையுஞ் சேர்த்தே எண்ணுதல் முறையென்பது எமது துணிபு. ஊரார் கூடி எழுப்பிய கோபுரத்திற் சிற்பாசாரியின் பெயரைத் தேடிக் காணாத நமக்கு இது புதிதன்று.

அச்சாடிகளைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியிற் பிக்காசோவின் பெயரும் மதூராவின் முத்திரையும் இருக்கும். அகார்டின் பெயர் இராது.