கல்கத்தா தரமிட்ட ஏல்

'இந்தியா பேல் ஏல்' என்ற ஆங்கிலேய பியர் வகை இன்று உலகெங்கும் அருந்தப்படுகிறது. அதன் பிறப்பைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. இந்தியாவுக்கு அனுப்பிய பியர் எல்லாம் வழியில் புளித்துக் கெட்டதாம். லண்டனைச் சேர்ந்த ஜார்ஜ் ஹாட்ஜ்சன், கடற்பயணத்தைத் தாங்கும்படி வீரியம் மிக்க ஒரு புதிய ஏலைக் கண்டுபிடித்தாராம். கேட்பதற்கு அழகான கதை. ஆனால் கல்கத்தாவின் பழைய இதழ்கள் வேறொன்றைச் சொல்கின்றன.

1784ஆம் ஆண்டு கல்கத்தா கெஸட்டிலேயே லண்டன் போர்ட்டரும் வெளிர்நிற ஏலும் விற்பனைக்கு வந்திருப்பதாக விளம்பரம் உண்டு. ஹாட்ஜ்சனின் பெயர் அதே இதழில் தோன்றுவது 1793இல்தான். ஆக, அவருடைய பெயர் பரவுவதற்கு முன்பே வெளிர் ஏல் ஹூக்ளிக் கரையில் கெடாமல் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பியரில் ஹாப்ஸ் பூவைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும் என்பதை ஆங்கிலேய பியர் ஆலையினர் 1760களிலேயே அறிந்திருந்தனர். கறுப்பு நிறப் போர்ட்டரும் அதே கப்பல்களில், அதே கடலைக் கடந்து வந்து, படைவீரர்களின் குவளையை நிரப்பியது. அந்தக் காலத்து அளவுகோலில் இந்த ஏல் அப்படியொன்றும் கடுமையான பானமும் அன்று.

அப்படியானால் ஹாட்ஜ்சன் வென்றது எப்படி? விடை சுவையில் பாதி, இடத்திலும் கடனிலும் பாதி. அவருடைய ஆலை கிழக்கு லண்டனின் போ பகுதியில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நங்கூரமிட்ட பிளாக்வால் அதற்கு அருகில். கப்பல் தலைவர்கள் தம் சொந்தக் கணக்கில் சரக்கு ஏற்றிச் சென்று விற்கலாம் என்ற சலுகை அன்று இருந்தது. அவர்களுக்கு ஹாட்ஜ்சன் ஆலை 18 மாதம் வரை கடன் கொடுத்தது. சரக்கை விற்றுத் திரும்பிய பிறகு பணம் கட்டினால் போதும்.

சுவையைச் செய்தது கடல். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி நான்கு முதல் ஆறு மாதம் நீண்ட பயணத்தில் பீப்பாய்கள் இருமுறை நிலநடுக்கோட்டைக் கடந்தன. இங்கிலாந்தின் நிலவறையில் ஓரிரு ஆண்டுகள் கிடந்து முதிர வேண்டிய ஏல், கப்பலின் வெப்பத்திலும் ஆட்டத்திலும் சில மாதங்களில் முதிர்ந்தது. கசப்பு தணிந்து, தெளிந்து, நுரைத்து அது கல்கத்தாவை அடைந்தது.

அங்கே அதற்கு மதிப்பெண் இட்டது ஏலக்கூடம். பீப்பாயைத் திறந்து சுவைத்தவர்கள் கேட்ட விலையே ஒவ்வொரு ஆலைக்கும் கிடைத்த தரவரிசை. இந்தத் தீர்ப்பின் வலிமை 1820களில் வெளிப்பட்டது. ஹாட்ஜ்சன் ஆலையினர் கடனை நிறுத்தி, விலையை உயர்த்தி, வணிகத்தைத் தம் கைக்குள்ளேயே வைத்துக்கொள்ள முயன்றனர். கல்கத்தா வணிகர்கள் சினந்தனர். கம்பெனி இயக்குநர்களுள் ஒருவரான கேம்பல் மார்ஜோரிபாங்க்ஸ், பர்ட்டன் நகரத்து சாமுவேல் ஆல்சாப்பை அணுகினார். ரஷ்யா விதித்த சுங்க வரியால் தன் பழைய சந்தையை இழந்து தவித்துக்கொண்டிருந்த நகரம் அது. மாதிரி ஏலை முதலில் ஒரு தேநீர்க் கெண்டியில் காய்ச்சிப் பார்த்தார்கள் என்பது பர்ட்டன் மக்கள் சொல்லும் கதை. ஆல்சாப்பின் முதல் சரக்கு ஏலத்தில் ஹாட்ஜ்சனுடையதை விடக் குறைந்த விலைக்கே போனது. அடுத்தடுத்து வந்தவை அதை முந்தின. பர்ட்டன் கிணற்று நீரில் இயல்பாகவே கரைந்திருந்த ஜிப்சம், ஹாப்ஸின் கசப்பைக் கூர்மையாக்கிக் காட்டியது. 1830களில் பாஸ், ஆல்சாப் என்னும் பர்ட்டன் பெயர்கள் வங்கச் சந்தையில் ஓங்கின.

ஏலக்கூடத்துக்கு வெளியே, அந்தச் சுவைக்குப் பங்களித்த மற்றொரு கூட்டமும் இருந்தது. பீகாரில் கிடைத்த வெடியுப்பை நீரில் கரைத்தால் நீர் குளிரும். அந்தக் குளிர்நீரில் புட்டிகளைச் சுழற்றிச் சுழற்றி மதுவையும் பியரையும் மேசைக்கு ஏற்பக் குளிர்வித்தவர்கள் 'ஆப்தார்' எனப்பட்ட இந்தியப் பணியாளர்கள். வங்கத்தின் புழுக்கத்தில் ஒரு குவளை ஏலின் தரம் பர்ட்டனின் நீரைப் போலவே ஆப்தாரின் கைத்திறனையும் சார்ந்திருந்தது. 1833இல் பாஸ்டனிலிருந்து டஸ்கனி என்ற கப்பல் ஏற்றி வந்த 180 டன் பனிக்கட்டியில் ஏறத்தாழ 100 டன் உருகாமல் கல்கத்தாவை எட்டியது. அதன் பிறகு ஆப்தாரின் கலைக்கு முன்பிருந்த தேவை படிப்படியாகக் குறைந்தது. அதே பனிக்கட்டி வணிகம் சென்னைக் கடற்கரையிலும் ஒரு கட்டடத்தை விட்டுச் சென்றிருக்கிறது. விவேகானந்தர் இல்லமாக விளங்கும் பழைய ஐஸ் ஹவுஸ் அதுவே.

பெயரின் வரலாறும் இதே போல எதிர்பாராதது. இந்தியாவின் பெயரைத் தாங்கிய இந்தச் சொற்றொடர் இதுவரை கிடைத்தவற்றுள் முதன்முதலாக அச்சில் காணப்படுவது 1829ஆம் ஆண்டு சிட்னி செய்தித்தாள் ஒன்றில். கல்கத்தாவில் குடித்தவர்களுக்கு அது வெறும் வெளிர் ஏல். தொலைவில் இருந்து பார்த்தவர்களுக்கே அது 'இந்தியா'வாகத் தெரிந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கசௌலியிலும் நீலகிரியிலும் பியர் ஆலைகள் எழுந்தன. நீலகிரி, பெங்களூர் ஆலைகள் சில இணைந்தே 1915இல் யுனைடெட் புரூவரீஸ் உருவாயிற்று. மலைக்குளிரில் உள்நாட்டிலேயே காய்ச்சப்பட்ட பியருக்கு நெடுங்கடல் பயணம் தேவைப்படவில்லை.

கண்டுபிடிப்பாளர் ஒருவரின் பெயரைச் சொல்லிவிட்டால் வரலாறு எளிதாகிவிடுகிறது. ஆனால் இந்த ஏலை உருவாக்கியவை ஒரு கடன் ஏற்பாடு, ஒரு கடல்வழி, ஒரு நகரத்தின் நீர், மற்றொரு நகரத்தின் நாக்கு. ஹாட்ஜ்சன், ஆல்சாப், பாஸ் என்ற பெயர்கள் நூல்களில் நிலைத்துவிட்டன. வெடியுப்பு நீரில் புட்டியைச் சுழற்றிய ஆப்தார் ஒருவரின் பெயர்கூட அவற்றோடு சேர்த்துச் சொல்லப்படுவதில்லை. புட்டியின் மீதுள்ள 'இந்தியா' என்ற சொல்லை அவர்களுக்கு உரியதாகவும் வாசிக்கலாம்.