பஸ் ஏறி வந்த மனநல டாக்டர்

ஆன்லைன் கவுன்சிலிங் எல்லாம் கொரோனாவுக்கு அப்புறம் வந்ததுன்னு நினைக்கிறீங்களா? நம்ம புதுக்கோட்டை கிராமங்களுக்கு அது 2010லேயே பஸ் ஏறி வந்துவிட்டது!

1984ல் டாக்டர் சாரதா மேனன் சென்னையில் தொடங்கிய அமைப்பு ஸ்கார்ஃப். 2004 சுனாமிக்குப் பிறகு வீடியோ வழி சிகிச்சையில் இறங்கிய இவர்கள், 2010ல் நம் மாவட்டத்துக்கு ஒரு பஸ்ஸை அனுப்பினார்கள். உள்ளே வீடியோ திரை, ஒரு சின்ன மருந்துக்கடை. டாக்டர் சென்னையில், நோயாளி ஊரில். மருந்து இலவசம்.

காமர்ஸ் மாணவனாக நான் போடும் கணக்கு இது: மருந்து இலவசமானாலும், டவுனுக்குப் போய்வர பஸ் காசு, கூடப் போகும் அம்மாவின் ஒரு நாள் கூலி... இரண்டும் மாதாமாதம் செலவுதான். டாக்டரே ஊருக்கு வந்தால் அது மிச்சம்.

அதைவிடப் பெரிய சுமை பழி. பிள்ளைக்கு மனநோய் என்றால் "பேய் பிடிச்சிருக்கு", "வளர்ப்பு சரியில்லை" என்று பெற்றவர்களைத்தான் ஊர் பேசும். பஸ்ஸில் இருந்த திரையில் படம் போட்டு, இது நோய், சிகிச்சை உண்டு என்று ஊருக்கே புரிய வைத்தார்கள். வீடு தேடிப் போய்ப் பேசியது உள்ளூர்ப் பணியாளர்கள்.

2022 அக்டோபரில் மத்திய அரசின் டெலி மானஸ் வந்தது. 14416க்கு யாரும் இலவசமாகப் பேசலாம். நல்ல விஷயம். ஆனால் போனை எடுக்கவே தயங்கும் அம்மாவின் வாசலுக்குப் போக, இன்றும் ஒரு ஆள் வேண்டும்தானே?