'ரெட் பால்' என்றால் என்ன? போலீஸ் சீரியல் சொல்லுக்கு விக்கிப்பீடியாவில் தனிப்பக்கம் கிடைக்குமா?

'ஹோமிசைடு: லைஃப் ஆன் தி ஸ்ட்ரீட்', 'தி வயர்' போன்ற அமெரிக்க போலீஸ் சீரியல்களைப் பார்த்தவர்களுக்கு 'ரெட் பால்' பழக்கமான சொல். மற்றவர்கள் கேள்விப்பட்டிருப்பதே கஷ்டம். இதற்கு விக்கிப்பீடியாவில் தனிப்பக்கம் போடலாமா?

அப்படின்னா என்ன?
மீடியாவும் அரசியல்வாதிகளும் உற்றுப் பார்க்கும், மேலிடத்து பிரஷர் அதிகமுள்ள கொலை வழக்குதான் ரெட் பால். மற்ற வழக்குகளை ஓரங்கட்டிவிட்டு டீம் மொத்தமும் இதில் இறங்கும்.

எங்கிருந்து வந்தது?
பத்திரிகையாளர் டேவிட் சைமன், 1988-ல் பால்டிமோர் கொலை வழக்குப் பிரிவு போலீசாருடன் ஓராண்டு இருந்தார். 1991-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் இந்த போலீஸ் பேச்சு இடம்பெற்றது. அதை வைத்து 1993-ல் 'ஹோமிசைடு' சீரியல் வந்தது. 2002-ல் சைமனே 'தி வயர்' தொடரை உருவாக்கினார்.

விதி என்ன சொல்கிறது?
விக்கிப்பீடியா அகராதி அல்ல. அர்த்தம் மட்டும் சொல்லும் பக்கம் நிற்காது. சீரியலுடன் தொடர்பில்லாத, நம்பகமான வெளியீடுகள் அந்தச் சொல்லைப் பற்றியே விரிவாக எழுதியிருக்க வேண்டும். கதாபாத்திரங்கள் நூறு முறை பேசினாலும் அது ஆதாரம் ஆகாது.

அப்போ முடிவு?
அர்த்தம் மட்டும்தான் என்றால் விக்சனரியே போதும். சீரியல் பக்கத்தில் ஒரு பத்தியாகவும் சேர்க்கலாம். ஆனா, எந்தக் கொலைக்கு மொத்த போலீசும் ஓடுகிறது, எது ஃபைலிலேயே தூங்குகிறது என்பதை இந்தச் சொல்லை வைத்து அலசிய ஆய்வுகள் கிடைத்தால், தனிப்பக்கம் தாராளமாகத் தேறும்.