தரங்கம்பாடி மணலில் ஒரு ஈயக் காசு

போன மாசம் கொரட்டூர்ல இருந்து நானும் நண்பனும் பைக்ல தரங்கம்பாடி போனோம். ராத்திரி மணல்லயே படுத்துட்டு, விடியும்போது அலை ஒதுக்கினதைப் பார்த்துக்கிட்டே நடந்தோம். சிப்பி, ஓட்டுத்துண்டு, அப்புறம் நகத்தளவு ஈயம். வலை ஈயம்னுதான் நினைச்சேன். தேய்ச்சா, மேல கிரீடம் மாதிரி ஒரு கோடு!

1620-ல தஞ்சை ரகுநாத நாயக்கரோட ஒப்பந்தம் போட்டு, டென்மார்க்காரங்க இங்கே கோட்டை கட்டினாங்க. சில்லறைக்கு ஈயத்துல காசு அடிச்சாங்க. ராஜாவோட கிரீடம் போட்ட முத்திரை அதுல இருக்கும். 1845-ல ஊரையே பிரிட்டிஷ்காரங்களுக்கு வித்துட்டுப் போயிட்டாங்க.

காசு ஏன் இன்னும் கரையேறுது? பழைய ஊரோட ஒரு பகுதியைக் கடல் தின்னுடுச்சு. 1306-ல எழுந்த மாசிலாமணிநாதர் கோயில்ல பெரும்பகுதி அப்படித்தான் போச்சு.

"சாவிக்கொத்துல மாட்டலாம்டா"ன்னான் நண்பன். 1878-ம் வருஷப் புதையல் சட்டப்படி, மண்ணுல புதைஞ்சிருந்து கிடைக்கிறது 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினா கலெக்டருக்குத் தெரிவிக்கணும். (ஆமா, பத்தே ரூபாய்தான்.) அதைவிட, எந்த இடத்துல கிடைச்சதுங்கிற தகவல் போயிட்டா அது வெறும் ஈயம். கிடைச்ச இடத்தை போட்டோ எடுத்துட்டு, கோட்டை மியூசியம் திறக்கிற வரைக்கும் வாசல்ல உக்காந்திருந்தேன். நண்பன் டீகூட வாங்கித் தரல.