கம் பிளே வித் மீ (1977)

ஜார்ஜ் ஹாரிசன் மார்க்ஸ் எழுதி இயக்கி, முக்கிய வேடத்திலும் நடித்த பிரிட்டிஷ் பாலியல் நகைச்சுவைப் படம். முதலீடு, பத்திரிகை அதிபர் டேவிட் சல்லிவனுடையது. லண்டன் சோஹோ பகுதியில் கிரேட் விண்ட்மில் தெருவிலிருந்த மூலான் திரையரங்கில் 1977 ஏப்ரலில் திரையிடப்பட்டு, 1981 மார்ச் வரை இடைவிடாமல் 201 வாரங்கள் ஓடியது. ஒரே அரங்கில் மிக நீண்ட காலம் ஓடிய பிரிட்டிஷ் படம் என்று கின்னஸ் சாதனை நூலிலும் ஏறியது. கலைத்தகுதியால் கிடைத்த பெருமையல்ல அது. இந்தப் படத்தின் வரலாறு பெரும்பாலும் அதன் விளம்பரத்தின் வரலாறுதான்.

இவ்வகைப் படங்கள் பெருகியதற்குக் காரணங்கள் உண்டு. 1960களின் இறுதியில் அமெரிக்க நிறுவனங்கள் பிரிட்டிஷ் படங்களுக்குப் பணம் தருவதைக் குறைத்துக்கொண்டன. குடும்பத்தோடு படம் பார்க்க வந்த கூட்டத்தைத் தொலைக்காட்சி வீட்டிலேயே உட்கார்த்திவிட்டது. தொலைக்காட்சியில் காட்ட முடியாததைக் காட்டுவதே திரையரங்குகளுக்கு மிஞ்சிய வழி. 1970இல் வயதுவந்தோர் படங்களுக்கான எக்ஸ் சான்றிதழின் வயது வரம்பு 16இலிருந்து 18 ஆக உயர்த்தப்பட்டதும் தணிக்கையாளர்களின் பிடி சற்றுத் தளர்ந்தது. ஈடி வரி என்ற ஏற்பாடும் கைகொடுத்தது. டிக்கெட் விலையில் ஒரு பங்கைப் பொதுநிதியில் சேர்த்து, உள்நாட்டுப் படங்களுக்கு அவற்றின் வசூலுக்கேற்பப் பிரித்துக் கொடுக்கும் திட்டம் இது. படம் நல்லதா கெட்டதா என்று அது பார்க்கவில்லை. எனவே குறைந்த செலவில் எடுத்து நன்றாக ஓடவைத்தால் இரட்டை லாபம். 1974இல் வால் கெஸ்ட் இயக்கிய ‘கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ விண்டோ கிளீனர்’ அடைந்த பெருவெற்றி இந்தக் கணக்கை உறுதிப்படுத்தியது.

மார்க்ஸ் மேடை நகைச்சுவையில் தொடங்கி, நிர்வாணப் புகைப்படக் கலைஞராகப் பெயர் பெற்றவர். பமீலா கிரீனுடன் சேர்ந்து ‘கமேரா’ இதழை நடத்தினார். 1961இல் ‘நேக்கட் ஆஸ் நேச்சர் இன்டெண்டட்’ படத்தை எடுத்தார். 1970களின் நடுவில் அவருடைய செல்வாக்கு மங்கியிருந்தது. பழைய திரைக்கதை ஒன்று மட்டும் கையில் இருந்தது. சல்லிவன் பொருளாதாரம் படித்த இளைஞர். கவர்ச்சி இதழ்களை விற்றுச் செல்வம் சேர்த்தவர். ஒழுக்கப் பிரச்சாரகர் மேரி வைட்ஹவுஸைச் சீண்டவே தன் இதழொன்றுக்கு ‘வைட்ஹவுஸ்’ என்று பெயரிட்டவர். அவருடைய இதழ்களின் நட்சத்திரம் மேரி மில்லிங்டன்.

இருவரும் வெவ்வேறு படங்களை மனத்தில் வைத்திருந்தார்கள். தான் வளர்ந்த மேடை நகைச்சுவையைத் திரையில் பார்க்க ஆசைப்பட்டார் மார்க்ஸ். சல்லிவனுக்கோ மில்லிங்டனின் பெயரைச் சுவரொட்டியில் போட ஒரு படம் வேண்டும். எடுத்த படத்தில், கள்ளநோட்டு அடிக்கும் இரண்டு கிழவர்கள் தங்கள் கும்பலிடமிருந்து தப்பி, ஸ்காட்லாந்து மலைப்பகுதியிலுள்ள ஓர் உடல்நல விடுதியில் ஒளிந்துகொள்கிறார்கள். நொடித்துக் கிடக்கும் அந்த விடுதியில் நடனப் பெண்கள் செவிலியராகச் சேர்ந்ததும் வியாபாரம் சூடுபிடிக்கிறது. கதை இவ்வளவே. கிழவர்களாக மார்க்ஸும் ஆல்ஃபி பாஸும், விடுதிச் சீமாட்டியாக ஐரீன் ஹாண்டலும் நடித்தார்கள். ரொனால்ட் ஃபிரேசர், பாப் டாட், ரீட்டா வெப், கார்டியூ ராபின்சன் என்று தொலைக்காட்சியிலும் மேடையிலும் மக்களுக்குப் பழகிய முகங்கள் வரிசையாக வருகின்றன. நடுவே ஆட்டமும் பாட்டும் உண்டு. மில்லிங்டன் திரையில் தோன்றுவது சில நிமிடங்களே.

படம் வெளிவருவதற்குப் பல மாதங்கள் முன்பே, பிரிட்டன் இதுவரை காணாத துணிச்சல் இதில் இருப்பதாகச் சல்லிவனின் இதழ்கள் இதழுக்கு இதழ் முழங்கின. தணிக்கையைத் தாண்டித் திரைக்கு வந்தது சாதுவான சரக்கு. விமர்சகர்கள் கடுமையாகச் சாடினார்கள். பார்த்தவர் சொல்லக் கேட்டு அடுத்தவர் வருவது மட்டுமே வழியாக இருந்திருந்தால் இரண்டு வாரத்தில் பெட்டி திரும்பியிருக்கும். ஆனால் இதழ்கள் ஓயவில்லை. மில்லிங்டனும் அரங்குகளுக்கு நேரில் சென்று ரசிகர்களைச் சந்தித்தார். சோஹோவுக்கு நாள்தோறும் புதிதாக வரும் வெளியூர்க்காரர்கள் முந்தைய நாள் பார்த்தவரிடம் விசாரித்துவிட்டா டிக்கெட் எடுக்கப்போகிறார்கள்? 201 வாரம் என்ற எண்ணை நாடு முழுவதும் கிடைத்த வரவேற்பின் அளவாகக் கொள்ளக் கூடாது. அது ஒரு தெருவின் கணக்கு.

அந்தத் தெருவுக்கு முன்கதையும் உண்டு. அங்கிருந்த விண்ட்மில் நாடக அரங்கில் 1930களிலிருந்தே நிர்வாணப் பெண்கள் சிலைபோல் அசையாமல் நின்றார்கள். அசையக் கூடாது என்பது அதிகாரிகளின் நிபந்தனை. இடையிடையே நகைச்சுவைக்காரர்கள் வந்து பேசுவார்கள். அவர்கள் எப்போது முடிப்பார்கள் என்று கூட்டம் காத்திருக்கும். மார்க்ஸின் படம் அந்தக் காத்திருப்பைத்தான் ஒன்றரை மணி நேரத் திரைப்படமாக மாற்றியது.

1978இல் ‘தி பிளேபேர்ட்ஸ்’ படத்தில் சல்லிவன் மில்லிங்டனுக்குப் பெரிய வேடம் தந்தார். காவல்துறைச் சோதனைகளாலும் வரிப் பிரச்சினையாலும் நெருக்கப்பட்ட மில்லிங்டன் 1979 ஆகஸ்ட் 19 அன்று, 33ஆம் வயதில் தற்கொலை செய்துகொண்டார். அதன் பிறகும் மூலானில் படம் ஒன்றரை ஆண்டு ஓடியது. இந்தச் சாதனையில் உறுத்தும் பகுதி இது. விரைவில் வீடியோ கேசட் வீடுகளுக்குள் நுழைந்தது, 1985இல் ஈடி வரியும் ஒழிக்கப்பட்டது. இவ்வகைப் படங்களுக்கு அதன்பின் இடமில்லாமல் போயிற்று. சல்லிவன் கால்பந்து உலகுக்குப் போய் பர்மிங்ஹாம் சிட்டி, வெஸ்ட் ஹாம் யுனைடெட் கழகங்களின் உரிமையாளர்களில் ஒருவரானார். மார்க்ஸ் 1997இல் காலமானார்.

மறுமதிப்பீடு மெல்லத்தான் வந்தது. சைமன் ஷெரிடன் 1999இல் மில்லிங்டனின் வாழ்வையும் படங்களையும் பற்றி ஒரு நூல் எழுதினார். 2016இல் ‘ரெஸ்பெக்டபிள்’ என்ற ஆவணப்படத்தையும் எடுத்தார். இன்று படத்தைப் பார்க்கத் தக்கதாக்குவது அன்று ரசிகர்கள் பொறுமையிழந்து கடந்த பகுதிகளே: வேறெங்கும் இப்படி ஒன்றுசேராத பழைய மேடைக் கலைஞர்கள், தமக்குப் பழகிய வேடிக்கையை யாருக்காகவும் மாற்றிக்கொள்ளாமல் நிகழ்த்தும் காட்சிகள்.