திப்புவுக்கு வந்து சேராத கடிதமும் எங்க வீட்டு மீனும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. மைசூர் விஜயநகர்ல நாங்க குடியிருக்கிற வீட்டு மாடியில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். (ஞாயித்துக்கிழமை இந்த வேலை நம்மளோடது. தங்கமணி உத்தரவு.) கீழே பக்கத்து வீட்டுப் பெரியவர் என் பையன்கிட்ட கன்னடத்துல ஏதோ விசாரிச்சுக்கிட்டு இருந்தார். "உங்கப்பாவுக்கு மாத்தல் வந்தா அந்த மீனை என்னப்பா பண்ணுவே? குக்கரஹள்ளி கெரெயில விட்டுடு. புண்ணியமாப் போகும்."

பையன் தலையை ஆட்டிட்டான். ராத்திரி சாப்பிடும்போது கேட்டான். "கெரெயில விட்டா அது சந்தோஷமா இருக்கும் இல்லப்பா?" விடக்கூடாதுடான்னேன். ஏன்னு கேட்டான். படக்குன்னு பதில் வரலை. பி.காம். படிச்சவன்கிட்ட மீனைப் பத்திக் கேட்டா எப்படி வரும்? அந்த 'ஏன்'க்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தப் பதிவு.

முதல்ல எங்க வீட்டு மீனைச் சொல்லிடறேன். பேரு பிச்சிர். கடைக்காரர் 'டைனோசர் மீன்'னு சொல்லித்தான் வித்தார். பார்க்க பாதி பாம்பு, பாதி பல்லி. முதுகுல ஒரே துடுப்பா இல்லாம, ரம்பப் பல்லு மாதிரி சின்னச் சின்னதா வரிசையா நிக்கும். அதனாலதான் விஞ்ஞானப் பேரு பாலிப்டெரஸ், அதாவது பல துடுப்புக்காரன். உடம்பு பூரா கவசம் மாதிரி கெட்டியான செதில். முன்துடுப்பை ஊன்றி, கையை ஊன்றித் தவழற குழந்தை மாதிரி தொட்டிக்கு அடியில உக்காந்திருக்கும். நடுநடுவே விருட்டுன்னு மேலே வந்து ஒரு வாய் காத்தை இழுத்துக்கிட்டுக் கீழே போகும். செவுளும் உண்டு, ஒரு ஜோடி நுரையீரலும் உண்டு.

சொந்த ஊர் ஆப்பிரிக்கா. வெளியுலக விஞ்ஞானத்துக்கு இது அறிமுகமான கதையில நம்ம ஸ்ரீரங்கப்பட்டணமும் வருது. எங்க வீட்டிலேர்ந்து 15 கிலோமீட்டர் சொச்சம்தான்.

1798-ல நெப்போலியன் எகிப்து மேல படையெடுத்துப் போனார். பீரங்கியோட கூடவே 160-க்கும் மேல அறிஞர்களையும் கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போனார். அதுல ஒருத்தர் எதியென் ஜெஃப்ராய் செயின்ட் ஹிலேர். விலங்கியல் பேராசிரியர், அப்ப வயசு 26. நெப்போலியனோட கணக்கு எகிப்தோட நிக்கலை. அங்கேர்ந்து இந்தியாவுல இங்கிலீஷ்காரனைக் கவுக்கணும். 1799 ஜனவரியில கெய்ரோவிலேர்ந்து திப்பு சுல்தானுக்கு ஒரு கடிதம் எழுதினார். பெரும்படையோட செங்கடல் கரைக்கு வந்துட்டேன், இங்கிலீஷ்காரன் பிடியிலேர்ந்து உங்களை விடுவிக்கணும்னு ஆசைப்படறேன், நம்பிக்கையான ஆளை அனுப்புங்கன்னு விஷயம். கடிதம் திப்பு கைக்குப் போகவே இல்லை. வழியிலேயே இங்கிலீஷ்காரன் கையில சிக்கிடுச்சு. 1799 மே 4-ம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு செத்துப்போனார்.

அங்கே எகிப்துல ஜெஃப்ராய் நைல் நதி மீனவங்க கொண்டுவர்ற மீனையெல்லாம் அறுத்துப் பார்த்துக்கிட்டு இருந்தார். அப்படிக் கிடைச்சதுதான் பிச்சிர். 1801-ல பிரெஞ்சுக்காரங்க சரணடைஞ்சப்ப, சேகரிச்ச எல்லாத்தையும் ஒப்படைன்னு இங்கிலீஷ் தளபதி கேட்டார். ஒப்படைக்கிறதைவிடக் கொளுத்திடுவோம்னு ஜெஃப்ராயும் கூட்டாளிகளும் முரண்டு பிடிச்சாங்க. கடைசியில உயிரினச் சேகரிப்பு அவங்களுக்கே விட்டுக்கொடுக்கப்பட்டது. ரோசெட்டா கல் லண்டனுக்குப் போச்சு. அது பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போன 1802-லயே பிச்சிரைப் பத்தி ஜெஃப்ராய் பாரிஸ்ல எழுதி வெளியிட்டார். எகிப்துல இந்த ஒரு மீனைத் தவிர வேற எதையும் கண்டுபிடிக்கலைன்னாக்கூட அவர் பட்ட பாடு வீண் இல்லைன்னு குவியே சொன்னதாச் சொல்லுவாங்க. அந்தக் காலத்துல குவியேதான் விலங்கியலுக்கே பெரியவர். எங்க வீட்டுல இருக்கிற செனகல் பிச்சிருக்கு 1829-ல பேர் வெச்சவரும் அவர்தான்.

இந்தப் பக்கம் என்ன நடந்தது? திப்பு போனதும், பிடிச்ச சீமை எப்படி இருக்குன்னு கணக்கெடுக்க வெல்லெஸ்லி ஒரு டாக்டரை அனுப்பினார். பேரு பிரான்சிஸ் புகானன். 1800 ஏப்ரல்ல மெட்ராஸ்லேர்ந்து கிளம்பி மைசூர், கன்னடக் கரை, மலபார்னு சுத்தி வந்தார். அதே ஆள் பின்னாடி கங்கை மீன்களைப் பத்தி 1822-ல ஒரு புத்தகம் போட்டார். நம்ம பசங்க முதல்முதலா தொட்டி வாங்கினா கூட வர்ற கோடு போட்ட ஜீப்ரா மீனுக்கு விஞ்ஞானப் பேர் கிடைச்சது அதுலதான். ஆக, ஒரே சண்டையோட ரெண்டு முனையிலேர்ந்து வந்த ரெண்டு மீனும் இன்னிக்கு ஒரே கடையில விக்குது. ரெண்டையும் ஒரே தொட்டியில போட்டுடாதீங்க. காலையில ஜீப்ரா இருக்காது :-)

காத்தை சுவாசிக்கிற மீன் வெள்ளைக்காரனுக்கு ஏன் இவ்வளவு பெரிய அதிசயம்? நமக்கு அது ஒண்ணும் புதுசில்லையே. எனக்கு ஊர் மயிலாடுதுறைப் பக்கம். மழை பெய்ஞ்சா வயல் வரப்புல குறவை துள்ளிக்கிட்டுப் போகும், பனையேறிக் கெண்டை செவுளை ஊன்றி ஊர்ந்து போகும். எங்க ஊருக்குக் கிழக்கால தரங்கம்பாடி அப்ப டேனிஷ்காரங்க கையில இருந்தது. அங்கே டால்டார்ஃப்னு ஒரு அதிகாரி. 1791-ல ஒரு பனைமரத்து மேல, தண்ணிக்கு 5 அடி உயரத்துல பனையேறிக் கெண்டை ஏறிக்கிட்டு இருந்ததைத் தன் கையாலேயே பிடிச்சேன்னு லண்டன் லின்னேயன் சொசைட்டிக்கு எழுதினார். 1797-ல அச்சிலும் வந்தது. மீன் மரம் ஏறுமா ஏறாதான்னு பல வருஷம் அங்கே சண்டை போட்டுக்கிட்டாங்க.

1859-ல டார்வின் புத்தகம் வந்ததும் விஷயம் சூடு பிடிச்சது. தண்ணியில இருந்த உயிர் தரைக்கு எப்படி வந்தது? நுரையீரலும், சதைப்பிடிப்பான முன்துடுப்பும், குஞ்சா இருக்கும்போது தவளைக்குஞ்சு மாதிரி வெளியே நீட்டிக்கிட்டு இருக்கிற செவுளும் கொண்ட பிச்சிர்தான் அந்தப் பாலமோன்னு சந்தேகம் வந்தது. ஒரு உயிர் கருவுல வளர்ற விதத்துலயே அதோட முன்னோர் கதை தெரியும்னு அப்ப நம்பினாங்க. அதனால பிச்சிரோட முட்டையும் கருவும் வேணும். அது கிடைக்கவே இல்லை. மழைக்காலத்துல சதுப்புல போய் முட்டையிடற மீன் அது. அந்த சமயத்துல அங்கே போனா கொசுவும் காய்ச்சலும்தான்.

அமெரிக்காவோட கொலம்பியா பல்கலைக்கழகத்திலேர்ந்து ஹாரிங்டன்னு ஒருத்தர் இதுக்காகவே நைலுக்குப் போனார். 1899-ல சூடான்ல செத்துப்போனார். இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்காரர் ஜான் சாமுவேல் பட்ஜெட். (ஆமா, நம்ம பட்ஜெட் மாதிரியேதான் பேரு.) 1898-லேர்ந்து நாலு தடவை ஆப்பிரிக்கா போனார். காம்பியாவுக்கு ரெண்டு தடவை, உகாண்டாப் பக்கம் ஒரு தடவை, வெறுங்கை. கடைசியா 1903-ல நைஜர் ஆத்துப் பக்கம் போனார். அங்கே முட்டையைக் கருவுற வெச்சு, அது வளர வளரப் படமும் வரைஞ்சு கொண்டுவந்தார். ஆனா மலேரியாவும் உடம்புக்குள்ள வந்துடுச்சு. கறுப்பு நீர்க் காய்ச்சல்னு அதோட கடுமையான வடிவம். 1904 ஜனவரியில போய்ட்டார். வயசு 31. அவர் விட்டுப்போன படத்தையும் மாதிரிகளையும் வெச்சு நண்பர் கிரஹாம் கெர் ஆராய்ச்சியை எழுதி முடிச்சார். 1907-ல அது புத்தகமா வந்தது.

இத்தனைக்கும் பிச்சிர் அந்தப் பாலம் இல்லை. தரைக்கு ஏறின கிளை வேற, இது வேற. சாதாரண மீன்களோட வம்சத்துல ரொம்ப ஆரம்பத்துலயே தனியாப் பிரிஞ்ச பழைய கிளை. ஆனா பட்ஜெட் பட்ட பாடு வீண் போகலை. 2014-ல கனடாவுல எமிலி ஸ்டாண்டன் குழு பிச்சிர் குஞ்சுகளை 8 மாசம் தரையிலேயே, ஈரம் காயாம வளர்த்துப் பார்த்தாங்க. அதுங்க நடக்கக் கத்துக்கிச்சு. துடுப்பை உடம்போட ஒட்டி வெச்சு நல்லா நடந்துச்சு, தோள் எலும்போட வடிவமே கொஞ்சம் மாறிடுச்சு. புது இடத்துக்குத் தகுந்த மாதிரி உடம்பையே மாத்திக்குது. மூணு வருஷத்துக்கு ஒரு ஊர்னு ஓடற நமக்கு இதைப் படிச்சா ஒரு பாசம் வரத்தான் செய்யுது.

சரி, கெரெயில விட்டா என்ன? இந்தக் கேள்விக்குப் பதிலும் பட்ஜெட்டைக் கொன்ன அதே மலேரியாவுலதான் ஆரம்பிக்குது. 1897-ல ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்துல மலேரியாக் கிருமியைக் கொசு வயித்துல கண்டுபிடிச்சார். அப்ப கொசுப்புழுவைத் தின்கிற மீனை விட்டா ஆச்சுன்னு யோசனை. 1908-ல கப்பி இந்தியாவுக்கு வந்தது. 1928-ல இத்தாலியிலேர்ந்து கம்பூசியா வந்தது. எல்லாம் நல்ல எண்ணம்தான். ஆனா கம்பூசியா கொசுப்புழுவோட நிறுத்திக்கலை. உள்ளூர் மீனோட முட்டை, குஞ்சு, தவளைக்குஞ்சு எல்லாத்தையும் சேர்த்துத் தின்னுது. 1952-ல திலாப்பியா வந்தது, நம்ம ஜிலேபிக் கெண்டை. ஏழைக்கு மலிவா மீன் கிடைக்கும்னு கொண்டுவந்தாங்க. இன்னிக்கு நம்ம ஊர்க் குளத்துல வலை போட்டா கெண்டையைவிட ஜிலேபிதான் அள்ளிக்கிட்டு வருது.

இதைவிட நெஞ்சுல குத்தினது காவேரி மஹசீர் கதை. ஆரஞ்சுத் துடுப்பும் முதுகுல திமிலும் உள்ள ராட்சச மீன், உலகத்துல காவேரிப் படுகையில மட்டும்தான் உண்டு. மைசூர்ல பாடம் பண்ணற தொழிலுக்குப் பேர்போன வான் இங்கன் குடும்பத்துல ஒருத்தர் 1946-ல கபினியில 120 பவுண்டு மஹசீர் பிடிச்சார். அதாவது 54 கிலோ. 1970-களுக்குப் பிறகு, மஹசீரைப் பெருக்கறோம்னு சொல்லி வேற ஆத்து மஹசீர் குஞ்சை வளர்த்து இங்கே விட்டாங்க. வந்தது பெருகிடுச்சு, சொந்தக்காரன் அருகிப்போச்சு. 2018-லதான் அதுக்கு சரியான விஞ்ஞானப் பேரே உறுதியாச்சு. அதே வருஷம் அழிவோட விளிம்புல இருக்கிற இனங்கள் பட்டியல்லயும் சேர்த்துட்டாங்க. இத்தனைக்கும் விட்டவங்க யாரும் கெட்டவங்க இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் மாதிரி நல்ல மனசுக்காரங்கதான்.

தொட்டி மீனும் இப்ப இந்தக் கணக்குல சேர்ந்தாச்சு. 2023-ல போபால் பெரிய ஏரியிலயும் ஸ்ரீநகர் தால் ஏரியிலயும் முதலை மூஞ்சி அலிகேட்டர் கார் கிடைச்சது. அமெரிக்க மீன் அது, தானா நீந்தி வந்திருக்காது.

பையனை உக்காரவெச்சு மைசூர் மேப்பைக் காட்டினேன். ஒரு பக்கம் காவேரி, ஒரு பக்கம் கபினி. ரெண்டும் டி.நரசிபுரத்துல சேருது. இங்கத்துக் கெரெ வழிஞ்சா வாய்க்கால், வாய்க்கால் போனா ஆறு. அந்த ஆறு மேட்டூர், திருச்சி தாண்டி எங்கே போகுதுன்னு கேட்டேன். "தாத்தா ஊருக்கு"ன்னான். அவ்வளவுதான். பிச்சிர் கெரெயில செத்தா அதுக்குப் பாவம், பிழைச்சா கெரெக்குப் பாவம், பெருகினா தாத்தா ஊர்க் குறவைக்கும் பாவம்னு சொன்னேன். புரிஞ்சுக்கிட்டான்.

வாங்க நினைக்கிறவங்களுக்கு நாலு வார்த்தை. குறைஞ்சது 4 அடி நீளத் தொட்டி வேணும், உயரத்தைவிட அகலம் முக்கியம். மூடி இறுக்கமா இருக்கணும், சின்னச் சந்து கிடைச்சாலும் வெளியே வந்துடும். காத்து இழுக்கத் தண்ணிக்கு மேலே இடம் விடுங்க. மைசூர் குளிருக்கு ஹீட்டர் வேணும், 25-லேர்ந்து 28 டிகிரி. ராத்திரி விளக்கை அணைச்சப்புறம் இறாலோ மண்புழுவோ போடுங்க. கண்ணு மந்தம், மோப்பத்துலதான் தேடும். எல்லாத்தையும்விட முக்கியம், இது 10 வருஷத்துக்கு மேல இருக்கும். நம்ம பாஷையில சொன்னா, நடுவுல உடைக்க முடியாத ஃபிக்சட் டெபாசிட். மாத்தல்ல போற குடும்பங்க வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க. வெச்சுக்க முடியலைன்னா கடைக்கே திருப்பிக் கொடுங்க, இல்லை வளர்க்கத் தெரிஞ்சவங்க கையில ஒப்படைங்க. தண்ணியில மட்டும் விடாதீங்க.

எனக்கு வர்ற மே மாசத்தோட மூணு வருஷம் முடியுது. எந்த ஊரோ, தெரியாது. மூட்டை கட்டற லிஸ்ட்டைத் தங்கமணி இப்பவே ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிட்டாங்க. நேத்து பார்த்தா, கேஸ் சிலிண்டருக்கும் மிக்சிக்கும் மேலே பென்சில்ல புதுசா ஒரு வரி, பையன் கையெழுத்துல. "1. பிச்சிர். மூடி போட்ட வாளி. பாதித் தண்ணி, பாதிக் காத்து."