பிலிப்பைன்ஸ் தாதியர் போன வழி

வளைகுடாவில் வேலை செய்து வந்த நம்மூர் ஆட்களைக் கேளுங்கள், ஆஸ்பத்திரியில் கண்ட பிலிப்பைன்ஸ் தாதியரைப் பற்றிச் சொல்வார்கள். இவ்வளவு பேர் எப்படி வெளியே போனார்கள் என்று நாம் யோசிப்பதில்லை.

1898இல் அந்நாட்டைப் பிடித்த அமெரிக்கா, தாதியர் பாடசாலை திறந்து ஆங்கிலத்திலேயே படிப்பித்தது. 1948இல் பரிமாற்றத் திட்டம் வந்தது: இரண்டு வருடம் அமெரிக்காவில் பயிற்சி, பிறகு ஊர் திரும்ப வேண்டும். பயிற்சி என்பது பேருக்குத்தான். பல ஆஸ்பத்திரிகள் சொற்பக் கொடுப்பனவுக்கு முழு வேலையும் வாங்கின. 1965 குடிவரவுச் சட்டம் அங்கேயே தங்க வழி விட்டது. 1974இல் மார்க்கோஸ் அரசு ஆள் அனுப்புவதையே கொள்கையாக்கியது.

இன்று நாலு வருடப் பட்டம், அரச பரீட்சை, அமெரிக்கா போவதானால் என்கிளெக்ஸ் பரீட்சையும். 2007 முதல் அதை மணிலாவிலேயே எழுதலாம்.

ஆனால் சொந்த நாட்டு வார்டுகளில் ஆள் போதாது. 2020 கொரோனாவில் அரசே பயணத்தைத் தடுத்தது. நவம்பரில், வருடத்துக்கு 5,000 பேர்தான் என்று கதவைத் திறந்தது.